ஐந்து இடங்களில் தட்டவும்

என் கணவர் ஞானதிரவியம் கண்டுபிடித்த பொருள் செத்த பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். அவரிடம் அந்தக் குணம் இல்லை. இறந்து ஏழு மாதமாகிறது, ஒரு வேலையும் செய்வதில்லை. தண்ணீர் மோட்டாரைக்கூட நான்தான் எழுந்து போய் நிறுத்துகிறேன்.

பாளையங்கோட்டைக்குச் சாயக் கண்ணாடி வந்து இறங்கிய வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மொட்டைமாடி இல்லாத வீடுகளுக்கெல்லாம் இனி ஜன்னலிலேயே மின்சாரம் என்று சொல்லி மாட்டினார்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் சாயம் பூசியிருக்கும். எங்கள் பக்கத்துக்கு வந்தது நாவல்பழ நிறம். வீட்டுக்குள் சோறு ஊதா, ரசம் ஊதா, மாமியார் ஊதா. பெண் பார்க்க வருகிறவர்கள், "பிள்ளைய ஒரு நிமிஷம் வாசலுக்கு வரச் சொல்லுங்க" என்று கேட்கிற வழக்கம் அப்போது வந்ததுதான். ஆனால் மேகம் மூடினாலும் அது ஓடும். அறைக்குள் எரியும் விளக்கு வெளிச்சத்தில்கூடக் கொஞ்சம் ஓடும்.

தொல்லை, உள்ளே இருந்த மருந்துதான். அவர் அதை மின்பகுளி என்பார், ஊரில் எல்லாருக்கும் அது மருந்து. அயோடின் கலந்த பழுப்புத் திரவம். என்ன பசை போட்டு ஒட்டினாலும் எங்கள் ஊர் வெயிலுக்கு ஓரம் வழியாக ஆவியாகிவிடும். நாற்பது நாளைக்கு ஒரு தடவை ஒருத்தி வந்து, கண்ணாடி ஓரத்துச் சின்னத் துளையின் மெழுகைச் சுரண்டி எடுத்து, ஊசியால் மருந்தை ஏற்றி, மறுபடி மெழுகு வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த ஒருத்தி நான். என்னோடு சேர்த்து ஊரில் நாற்பத்திரண்டு பேர். எங்கள் விரல் நுனியெல்லாம் வாழைக்காய் நறுக்கின மாதிரி எப்போதும் கறையாக இருக்கும். 'மருந்தம்மா' என்று கூப்பிடுவார்கள்.

ஞானதிரவியம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேதியியல் பார்த்தார். அவருடைய வேலை என் வேலையை ஒழிப்பது. கல்யாணத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார்.

"ரோஸ்லின், ஒரு உண்மையச் சொல்லிரணும். நான் காயாத மருந்து ஒண்ணு கண்டுபிடிச்சுக்கிட்டிருக்கேன். கண்டுபிடிச்சிட்டா உனக்கு வேலை போயிரும்."

"எத்தனை வருஷமாக் கண்டுபிடிக்கீங்க?"

"ஒம்பது."

"அப்பச் சரி" என்று சம்மதித்தேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். "நானும் இத்தனை காலமா ஊத்துதேன். அந்த மருந்து உள்ள போயி என்னதான் பண்ணுது?"

அவர் அப்பளத்தைக் கீழே வைத்தார். "வெளிச்சம் பட்டா சாயம் ஒரு எலெக்ட்ரானத் தூக்கி வெளிய போட்டுரும். அது கம்பி வழியாப் போயி, விசிறியச் சுத்திட்டு, எதுத்த கண்ணாடியில வந்து நிக்கும். இந்தப் பக்கம் சாயம் குடுத்துட்டு வெறுங்கையோட நிக்கு. அங்க வந்து நிக்கிறத வாங்கி இங்க கொண்டாந்து சேக்கணும்லா? மருந்து அதுக்குத்தான். அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருக்கும்."

"அந்த வீட்டுச் சேதிய இந்த வீட்டுல சொல்லுதவ மாதிரி."

அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, இடது கையாலேயே நோட்டில் அதை எழுதிக்கொண்டார்.

நான் சொன்னதில் தப்பில்லை. பெத்தேல் குடியிருப்பில் ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டில் என்ன குழம்பு என்பது மூன்றாம் மாடி லூயிசா டீச்சருக்கு என் மூலமாகத்தான் தெரியும். டீச்சருக்கு மூட்டுவலி எந்தக் காலுக்கு மாறியிருக்கிறது என்பது அண்ணாச்சிக்கும் அப்படித்தான். பதினோரு வீடு. எல்லாரும் வேலையில் ஓய்வு பெற்று, பிள்ளைகளை மஸ்கட்டுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தவர்கள். ஒரு வீட்டில் மருந்து ஏற்றக் கால் மணி நேரம் ஆகும். நான் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

கல்யாணமாகி ஐந்தாம் வருஷம் அவர் அயோடினை விட்டுத் தாமிரத்துக்குப் போனார். புது மருந்து கொஞ்சம் கெட்டி, ஓரத்துப் பசையும் புதிது. நானூறு நாள் யாரும் ஊசியே போடாமல் அது ஓட வேண்டும். ஓடினால் மாநிலம் முழுக்கப் போடுவோம், இதுவும் தோற்றால் ஆய்வை மூடிவிடுவோம் என்று சென்னையிலிருந்து எழுதியிருந்தார்கள். சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்தது பெத்தேல் குடியிருப்பின் பதினோரு வீடுகளை.

"அது என் வீடுங்க."

"அதான். நீ ஊத்துன வீடுன்னா சுத்தமா இருக்கும். ஆனா நானூறு நாளைக்கு நீ அந்தப் பக்கமே எட்டிப் பாக்கக் கூடாது."

நாற்பத்தோராம் நாள் ஆவுடையப்பன் அண்ணாச்சி போன் செய்தார். கூட்ஸ் வண்டியில் கார்டாக முப்பத்தோரு வருஷம் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போனவர். தனிமை அவருக்குப் பழகிய விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"மருந்தம்மா, நேத்தோட நாப்பது ஆயிட்டே, வரலியே? காராச்சேவு வாங்கி வச்சேன்."

"இனி ஊத்த வேண்டாம் அண்ணாச்சி. இது காயாத மருந்து."

"காயவே காயாதா?"

"நானூறு நாளைக்குக் காயாது."

"நல்லது, நல்லது. விஞ்ஞானம்லா" என்று வைத்துவிட்டார். காராச்சேவு என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தொண்ணூறாம் நாளை ஒட்டி வினை தொடங்கியது. கண்ணாடிகள் தங்கள் மின்சார அளவைத் தாமாகவே ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பும். அண்ணாச்சி வீட்டு ஜன்னல் பாதியாக இறங்கியது. மறுவாரம் லூயிசா டீச்சர் வீடு. இருபது நாளில் பதினோரு வீட்டில் ஒன்பது. மருந்து ஒழுகுகிறது.

"நீ போயிப் பாத்துட்டு வா ரோஸ்லி" என்றார் ஞானதிரவியம். முகம் செத்துப்போயிருந்தது. "ஊசி போட்டுராத. பாத்துட்டு மட்டும் வா."

அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஜன்னல் ஓரத்துப் பசையில் பொடித் துளை ஒன்று இருந்தது.

"பல்லியா இருக்கும்" என்றார்.

"பல்லி இதைக் கடிக்குமா அண்ணாச்சி?"

"இந்தக் காலத்துப் பல்லிய நம்ப முடியாது. உக்காரு தாயி, காப்பி போடுதேன்."

சுவரில் காலண்டரோடு சேர்த்து ஒரு ஊக்கு தொங்கியது. அதன் நுனியில் மருந்துக் கறை. நான் காலண்டரில் தேதி பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டாம் மாடியில் இடி விழுந்ததாகச் சொன்னார்கள். அந்த மாதம் மழையே இல்லை. எதிர்வீட்டில் மரங்கொத்தி. லூயிசா டீச்சர் ஒருவர்தான் பொய் சொல்லவில்லை. கணக்கு டீச்சராக இருந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். ரஸ்க் தட்டை என் முன்னால் வைத்தார். அதன் பக்கத்தில் ஜியாமெட்ரி பாக்ஸையும் வைத்தார்.

"காம்பஸ்" என்றார். "ஊக்கு சரிப்படாது, வளைஞ்சிரும்."

"டீச்சர்!"

"கத்தாத ரோஸ்லின், கணக்கக் கேளு. நீ நாப்பது நாளைக்கு ஒருதரம் வருவ. நான் வழுக்கி விழுந்து கிடக்கேன்னு வச்சுக்க. அதிகபட்சம் எத்தன நாள்ல வெளிய தெரியும்?"

"நாப்பது."

"சராசரி?"

"இருபது."

"இப்பச் சொல்லு."

"உங்க மகன்தான் டொரான்டோவுல இருந்து தினமும் போன் போடுதாரே டீச்சர்."

"போடுதான். எடுக்கலைன்னா அம்மா தூங்குதான்னு நினைச்சுக்கிடுவான். நல்ல பிள்ளை, எழுப்ப மாட்டான்." ரஸ்க் தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். "விடை வராத கணக்க நான் எந்தப் பிள்ளைக்கும் குடுத்ததில்ல. உன் வீட்டுக்காரர் குடுத்துட்டார்."

வீட்டுக்கு வந்து, "ஓரம் விட்டிருக்கு" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான்.

பதினெட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பதினெட்டு நாளில் அவர் ஏழு வகைப் பசை காய்ச்சினார். வீடு முழுக்கப் பசை நாற்றம். சாப்பாட்டில் கை வைப்பார், எடுத்துவிடுவார். கடைசியில் ஒருநாள் சோற்றுத்தட்டைப் பார்த்துக்கொண்டே, "பதினாலு வருஷம் ரோஸ்லி. எனக்கு ஒரு பசை ஒட்டத் தெரியல" என்றார்.

"பசை நல்ல பசைதான். காம்பஸ்தான் கெட்டது" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். சோற்றுத்தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "டீச்சர் எத்தன மில்லிமீட்டர் குத்துனாங்க?" என்று கேட்டார்.

சோதனை கெட்டுவிட்டது என்று சென்னைக்கு எழுத உட்கார்ந்தார். எழுதுவதற்காக அன்றைய அளவுகளைத் திறந்தவர் அப்படியே இருந்துவிட்டார். அண்ணாச்சி வீட்டு ஜன்னலில் மருந்து இந்நேரம் முழுக்கக் காய்ந்துபோயிருக்கும். கணக்குப்படி மின்சாரம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் இருந்ததைவிட அதிகமாக இருந்தது.

"மீட்டர் கெட்டுப்போச்சு" என்று செருப்பை மாட்டினார். நானும் ஓடினேன். சித்திரை மாசத்து இரண்டு மணி வெயில். நாங்கள் படியேறுவதைப் பார்த்துவிட்டுப் பதினோரு வீட்டுக்காரர்களும் விசாரணைக்கு வந்தவர்கள்போல அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் கூடிவிட்டார்கள். தலைக்கு மேலே விசிறி அந்த வீட்டில் நான் ஒருநாளும் பார்த்திராத வேகத்தில் சுற்றியது.

அவர் கையோடு கொண்டுபோன மீட்டரை ஜன்னலில் மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார். பிறகு அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சார், அது பல்லிதான்..." என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"பல்லிக்குக் கோயில் கட்டணும் அண்ணாச்சி! கான்கிரீட் போடும்போது பாத்திருக்கீங்களா? சட்டியத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு ஆளா மாடிக்கு நடப்பாங்க. அதான் ஈர மருந்து. அதே ஆளுங்க வரிசையா நின்னு கை மாத்துனா? ஒருத்தரும் நடக்க வேண்டாம், சட்டி மட்டும் போகும். இந்தத் தாமிரம் காஞ்சு அப்படி நின்னுட்டு. செத்துட்டுன்னு நாம நினைக்கோம், அது நின்ன இடத்துல நின்னு கை மாத்திக்கிட்டிருக்கு!"

"அப்ப நாங்க குத்தாம இருந்திருந்தா?" என்று கேட்டார் லூயிசா டீச்சர்.

"மூடி வச்ச மருந்து அரகுறையா வத்திக் கெட்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊத்த வேண்டி வந்திருக்கும். காத்துப் பட்டு மொத்தமாக் காஞ்சதாலதான் இந்த அதிர்ஷ்டம்."

"இனிமே?"

"இனிமே ஊத்தவே வேண்டாம் டீச்சர். என்னைக்குமே!"

சிரித்துக்கொண்டே சொன்னவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மேசையில், எனக்கென்று, மூடி போட்ட டம்ளரில் காப்பி இருந்தது.

"குத்திக் குத்தி நாமளே கெடுத்துக்கிட்டோமே டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

திரும்பி வரும் வழியில் அவர் பாதித் தெருவில் நின்றார். "சொல்லாம விட்டுரட்டா?"

நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்திரண்டு பேருடைய வேலை அது. அந்தக் கூடத்தில் இருந்தவர்களின் கதவை ஒருத்தி வந்து தட்டுவதும் அந்த வேலையால்தான். ஆனால் அவர் கையில் மீட்டர் இருந்தது, அதை ஒரு குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

"எழுதுங்க" என்றேன். "எழுதலைன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க. ஆனா டீச்சர் கணக்குக்கும் ஒரு விடைய எழுதுங்க."

பதினோரு நாள் எழுதினார். முதல் முப்பது பக்கம் எனக்குப் புரியவில்லை. கடைசியில் பராமரிப்பு விதிகள் இருந்தன. பதினான்காவது விதியை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டினார்: 'காய்நிலைக் கண்ணாடியை நாற்பது நாளைக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் வந்து சோதிக்க வேண்டும். விரல் முட்டியால் ஐந்து இடங்களில் தட்டி, காது வைத்துக் கேட்க வேண்டும். தட்டும் முன் இருபது நிமிடம் அந்த அறையில் அமர்ந்து காதைப் பழக்க வேண்டும். வீட்டில் வசிப்பவர் உடனிருப்பது அவசியம்.'

"காஞ்ச பிறகு உள்ள விரிசல் வரும்லா? வந்தா சத்தம் கட்டையாக் கேக்கும். காதாலதான் கண்டுபிடிக்க முடியும்" என்றார்.

சென்னையிலிருந்து கீர்த்திவாசன் என்ற அதிகாரி வந்தார். பதினான்காவது விதியில் விரலை வைத்து, "இது எதுக்கு? இதுக்கு ஒரு கருவி வச்சிரலாமே?" என்றார்.

"கருவி போட்டுப் பாத்தோம் சார், பிடிபடல. நீங்களே கேட்டுப் பாருங்க. இது நல்ல கண்ணாடி." அவர் தட்டிக் காட்டினார். "இது விரிசல் விட்டது."

கீர்த்திவாசன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாறி மாறித் தட்டினார். "ஆமா, நல்லாவே தெரியுதே" என்று கையெழுத்துப் போட்டார்.

இப்படித்தான் மருந்தம்மாக்கள் தட்டுகிறவர்கள் ஆனோம். விரல் கறை போய்விட்டது. மற்றபடி எல்லாம் பழையபடி. சொல்லக் கூடாதுதான், தட்டுகிறவர்கள் குழுவில் எனக்கு இருந்த காது யாருக்கும் இல்லை. கட்டைச் சத்தம், அரைக்கட்டை, கணீர், கணீருக்கு ஒரு மாற்றுக் குறைவு என்று நாலு வகை பிரித்து வைத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பேச்சியம்மாள் முதல் நாள், "அக்கா, எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்கு" என்றபோது அவள் தலையைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்து, "காதக் குடுத்துக் கேளுட்டி" என்று அதட்டினேன். ஒரு மாதத்தில் அவளுக்கும் கேட்கத் தொடங்கியது.

ஆவுடையப்பன் அண்ணாச்சி குளியலறையில் விழுந்து கிடந்தபோது கதவைத் தட்டியது நான். அவர் விழுந்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. லூயிசா டீச்சருக்கு இடுப்பெலும்பு ஒடிந்து கட்டிலோடு ஆனபோது அவர் ஜன்னலில் கட்டைச் சத்தம் கேட்டது. வாரம் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்று பதிவேட்டில் எழுதினேன். அப்போது எனக்கு உண்மையிலேயே கேட்டதா என்று இப்போது கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். டீச்சர், "எத்தனாவது இடத்துல?" என்றார். "நாலாவது" என்றேன். "வீணாப்போன கண்ணாடி" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் இறந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று. ஞானதிரவியம் ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு கிடந்த கடைசி வாரத்தில் ஒருநாள் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"ரோஸ்லி, அந்தப் பதினாலாவது விதி."

"அதுக்கென்ன?"

"ஒண்ணும் கேக்காது."

"என்னது?"

"விரிசல் விட்டாலும் சத்தம் ஒரே சத்தம்தான். நான் எழுதுனது அது. சும்மா."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "பதினோரு வருஷம் கண்ணாடியில காத வச்சிருக்கேன்! நாலு வகை பிரிச்சிருக்கேன்! ஊரெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்!"

"நல்லாத்தான் கேட்ட" என்றார். குழாய் அதிர அதிரச் சிரித்தார். நர்ஸ் வந்து திட்டினாள். அவரை அல்ல, என்னை.

அவர் போன பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. ஒன்றுமில்லாததை எப்படிப் போய்த் தட்டுவது? இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான். குழுவிடம் சொல்ல வேண்டுமா, கூடாதா என்று தினமும் யோசிப்பேன். வீட்டில் ஜன்னல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக் கண்ணாடியை நானே தட்டிக்கொள்வது வழக்கம் என்பதால் யாருடைய பட்டியலிலும் எங்கள் வீடு இல்லை.

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பேச்சியம்மாள். தோளில் பை, கையில் பதிவேடு.

"உங்க வீடு இப்ப என் லிஸ்ட்ல அக்கா. நானே கேட்டு வாங்கிச் சேத்தேன்" என்று உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விதிப்படி இருபது நிமிடம் காதைப் பழக்கினாள். அந்த இருபது நிமிடத்தில் அவள் மருமகளைப் பற்றி ஒன்று, குழுவில் நடந்த சண்டையைப் பற்றி இரண்டு, ஆவுடையப்பன் அண்ணாச்சி எண்பத்தாறு வயதில் காது மெஷின் வாங்கிப் பல்லி பேசுவது கேட்கிறது என்று சொல்லித் திரிவதைப் பற்றி ஒன்று சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

பிறகு எழுந்து ஜன்னலைத் தட்டினாள். முதல் இடம். இரண்டாவது. மூன்றாவது இடத்தில் நின்று கன்னத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள். காது கண்ணாடியில் இருந்தது. கண் மட்டும் என் சமையலறைக்குள் போய், துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்த ஒற்றைத் தட்டின் மேல் நின்றது. அடுப்பைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"கட்டையாக் கேக்கு அக்கா. நாப்பது நாள் தாங்காது. செவ்வாக்கிழம வந்து பாக்கேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எழுந்து போய் அதே மூன்றாவது இடத்தில் நானும் தட்டினேன். காது வைத்தேன். கண்ணாடி வெயிலில் சுட்டது. ஞானதிரவியம் சொன்னது சரிதான், ஒன்றும் இல்லை.

"செவ்வாக்கிழம வரைக்கும் தாங்குமா பேச்சி?" என்று கேட்டேன்.

அவள் பதிவேட்டை மூடாமல் இன்னொரு தடவை தட்டினாள். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"தாங்காது போலத்தான் இருக்கு" என்றாள். "நாளைக்கே வாரேன். வெறும் காப்பியோட விட்டுராதீங்க, சோறு வையுங்க."